இரவல் போய் வந்த டர்போ

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் காலையில், முட்டையும் பன்றிக்கறியும் தந்த தெம்பில், நான் ஒரு பிரகடனம் செய்தேன்.

"லோர்னா, இன்னையிலேர்ந்து இந்த வீட்டுக்குப் பெட்ரோல் மந்திரி நான். ஆயில் மந்திரியும் நான். வண்டிக்குள்ள என்ன போகணும், எப்ப போகணும், எல்லாம் என் இலாகா."

என் மனைவி காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "அடுப்படி யார் இலாகா?"

"உன்னுது."

"சரி. அந்தத் தட்டைக் கழுவி வச்சுட்டுப் போ, மந்திரி."

கழுவி வைத்தேன். பதவியேற்ற அன்றே அண்டை நாட்டுடன் போர் கூடாது என்பது என் கொள்கை.

பிரகடனத்துக்குக் காரணமானது வாசலில் நின்றது. நீல நிறம், புத்தம் புதிய பிக்கப். இன்ஜினைப் பார்த்தால் தையல் இயந்திரம்; இழுவையைப் பார்த்தால் ரயில். காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் திணிக்கும் டர்போ ஒன்றன்று, இரண்டு இருந்தன. விற்றவன் அவற்றைப் பற்றி அரை மணி நேரம் பேசினான். நான் தலையை ஆட்டினேன். லோர்னா கேள்வி கேட்டாள். அங்கேதான் எங்கள் இருவருக்கும் உள்ள வேறுபாடு தொடங்குகிறது.

எங்கள் ஊர் வயோமிங் மலைகளின் இடுப்பில் இருக்கிறது. காற்று மெலிது. எங்கள் பங்க்கில் மூன்று குழாய்கள் உண்டு: எண்பத்தைந்து, எண்பத்தேழு, தொண்ணூற்றொன்று. எண் உயர உயரப் பெட்ரோலின் தரமும் உயரும். விலையும் உடன் உயரும். எங்கள் குடும்பத்தார் எண்பத்தைந்தைத் தவிர வேறு குழாயைத் தொட்டதில்லை. மற்ற இரண்டும் கலிஃபோர்னியாவிலிருந்து வரும் சுற்றுலாப் பயணிகளுக்காக வைக்கப்பட்டவை என்றே நான் நம்பிவந்தேன்.

லோர்னாவோ வண்டியோடு வந்த கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தவள். அதிலிருந்த இரண்டு அச்சுப்பிழைகளைச் சுட்டிக் கம்பெனிக்குக் கடிதமும் எழுதியவள்.

"ஆரின், எண்பத்தஞ்சை இதுல ஊத்தாதே. எண்பத்தேழுக்குக் கீழ போகக்கூடாதுன்னு போட்டிருக்கு. பாரம் இழுத்தா தொண்ணூத்தொண்ணு நல்லதுன்னும் போட்டிருக்கு."

"மலையில எண்பத்தஞ்சே போதும். எங்கப்பா ஆயுசு பூரா அதைத்தான் ஊத்தினாரு."

"உங்கப்பா வண்டியில டர்போ இருந்துதா?"

"இல்ல."

"ஹீட்டர் இருந்துதா?"

"அதுவும் இல்ல."

"கதவு?"

"ஒரு பக்கம் இருந்துது."

"மலைக்காத்து மெலிசு, அதை இழுக்கிற இன்ஜினுக்கு மட்டப் பெட்ரோல் போதும்னாங்க. சரி. இந்த வண்டி காத்தை அமுக்கி அமுக்கி உள்ள தள்ளுது. இதுக்கு மலை ஏது, சமவெளி ஏது?"

இவ்வளவு தெளிவாகப் பேசுகிறவளுக்கு விடை சொல்ல ஒரே வழிதான் உண்டு. வெளியே போய் எண்பத்தைந்தை நிரப்பிக்கொண்டு வந்தேன்.

அன்று மாலை வைக்கோல் கட்டுகளை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறும்போது, இன்ஜினுக்குள் யாரோ பட்டாணி வறுப்பதைப் போல் ஓர் ஒலி எழுந்தது. நான் ரேடியோவைச் சற்று உயர்த்தினேன். லோர்னா சற்றுத் தாழ்த்தினாள். நான் பாடத் தொடங்கினேன்.

"ஆரின், பாட்டை நிறுத்து. இன்ஜின் தட்டுது."

"அது புது வண்டியோட சந்தோஷம்."

அடுத்து ஆயில். டர்போ ஆயிலைக் காய்ச்சி எடுத்துவிடும், ஆகவே உயர்ந்த சிந்தெடிக் ஆயிலாக ஊற்ற வேண்டும், பாரம் இழுக்கிற வண்டிக்கு ஐயாயிரம் மைலுக்குள் மாற்றிவிட வேண்டும் என்றாள். ஆண்டுக்கு ஒருமுறை, பனிக்கால டயரைக் கழற்றும்போது, ஏதோ ஓர் ஆயில் என்றேன் நான்.

"வண்டித் திரையிலயே ஆயில் எவ்வளவு மிச்சம்னு காட்டும். அதையாவது பாரு."

"வண்டி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். ஆயில் கம்பியை உருவிப் பார்த்தா எனக்குத் தெரியும்."

உண்மையில் அந்தத் திரையில் அப்பக்கத்தைத் திறக்க எனக்குத் தெரியாது. லோர்னாவுக்கு அதுவும் தெரியும்.

இறுதியில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டோம். லோர்னாவிடம் ஹில்டா, கிரேட்டா என்று இரண்டு இழுவைக் குதிரைகள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு டன் இருக்கும். ஆகஸ்டில் மலைக்கு அப்பால் நடக்கும் மாவட்டச் சந்தையில் அவை பளு இழுக்கும் போட்டிக்குப் போகும். அவற்றை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு எல்க் கணவாயைத் தாண்ட வேண்டும்.

"கணவாய் உச்சிவரைக்கும் திணறாம, தட்டாம ஏறிச்சுன்னா உன் இலாகாவுல நான் வாயைத் திறக்க மாட்டேன்," என்றாள் லோர்னா. "திணறிச்சுன்னா?"

"சாவியை உன் கையில குடுத்துட்டு வலப்பக்கம் உக்காந்துக்கறேன்," என்றேன்.

இது எவ்வளவு பெரிய பணயம் என்று அறியாதவர்கள் எங்கள் மாவட்டத்தை அறியாதவர்கள். எங்கள் நாட்டில் ஓட்டுபவரின் இருக்கை இடப்பக்கம். மனைவி அங்கிருந்து ஓட்ட, கணவன் வலப்பக்கம் அமர்ந்து சந்தைக்குள் நுழைந்தால், 'பாவம், எந்த உறுப்பில் அறுவைச் சிகிச்சை?' என்று விசாரிப்பார்கள். சிலர் பலகாரம்கூடச் செய்து அனுப்புவார்கள்.

அதன்பின் லோர்னா பெட்ரோலைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. நான் அதை வெற்றி என்று எண்ணினேன். பல ஆண்டுகள் அவளோடு வாழ்ந்தும் அவ்வாறு எண்ணினேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

அவள் பேசவில்லை, ஆனால் இரவல் கொடுக்கத் தொடங்கினாள்.

முதலில் அவள் தம்பி மெர்ல் வந்தான். "மச்சான், வேலிக்கம்பம் ஏத்தணும். வண்டியை ஒரு நாள் தர்றீங்களா?"

புது வண்டி. எனக்கு மனம் வரவில்லை. லோர்னா முந்திக்கொண்டாள். "எடுத்துட்டுப் போடா. வாசல்வரைக்கும் நானும் வர்றேன், ஒரு விஷயம் சொல்லணும்."

மறுநாள் மெர்ல் வண்டியைக் கழுவித் துடைத்து, டேங்க்கை நிறைத்துக் கொண்டுவந்து விட்டான். எங்கள் பக்கத்து வழக்கம் அது. ஒருவனுடைய பிக்கப்பை இரவல் வாங்கினால் காலி டேங்க்கோடு திருப்பித் தரக்கூடாது. தந்தால் அவன் பேரனுக்குக்கூட எங்கள் ஊரில் எவரும் ஏணி இரவல் தரமாட்டார்கள்.

பிறகு பாதிரியார் ஆஸ்பி வந்தார். தேவாலயத்துக்கு நாற்காலிகள் கொண்டுவர வேண்டுமாம். பிறகு அடுத்த பண்ணை வில்மா. சோபா மாற்ற வேண்டுமாம். மறுபடியும் மெர்ல். மறுபடியும் பாதிரியார். பெட்ரோல் முள் பாதிக்குக் கீழே இறங்கினால் போதும், மாவட்டத்தில் யாருக்காவது ஏதாவது ஒரு பாரம் முளைத்துவிடும். ஒவ்வொருவரையும் லோர்னா வாசல்வரை சென்று வழியனுப்புவாள். வண்டி போகும், குளித்துவிட்டு, வயிறு நிறைந்து, திரும்பி வரும்.

எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. கோடைகாலம் முழுவதும் நான் பங்க்கின் பக்கமே போகவில்லை.

"உன் தாராள மனசு நல்லதுதான், லோர்னா," என்றேன் ஒருநாள். "எவனோ பெட்ரோல் போடறான், நாம ஓட்டறோம்."

"அண்டை அயலுக்கு உதவணும் இல்லையா," என்றாள் அவள், பட்டாணியை உரித்துக்கொண்டே.

"எல்லாரும் எண்பத்தஞ்சுதானே போடறாங்க?"

"மந்திரி உத்தரவு ஊருக்கே தெரியுமே."

உண்மை. தீவனக் கடையில் காலைக் காப்பிக்குக் கூடும் பெரியவர்களிடம் அந்த உத்தரவை நான் நாள்தோறும் வாசித்துவந்தேன். அவர்களுள் ஹார்லன் என்பவன் எதையும் எளிதில் நம்பாதவன்.

"எண்பத்தஞ்சுல டர்போ இப்படியா இழுக்குது?" என்றான்.

"நல்லா இழுக்குது. மைலேஜும் ஏறியிருக்கு. முதல் வாரத்துல கொஞ்சம் தட்டிச்சு. அப்புறம் வண்டிக்கு என் கால் பழகிடுச்சு."

"பெட்ரோல் பழகிடுச்சா, கால் பழகிடுச்சா?"

"கால். எல்லாம் மிதிக்கிற விதத்துலதான் இருக்கு."

ஜூலையில் ஆயில் கம்பியை உருவிப் பார்த்தேன். எனக்கே வியப்பு. தேனைப் போல் பொன்னிறமாய், மறுபக்கம் தெரியும்படி இருந்தது. கம்பியைத் துடைக்காமல் அப்படியே தீவனக் கடைக்கு எடுத்துச் சென்றேன்.

"பார்த்துக்கோங்க. வாங்கின நாள்லேர்ந்து மாத்தவே இல்ல. ஆயில் கறுக்கறது ஆயிலோட குத்தமில்ல. ஓட்டறவன் குத்தம்."

பெரியவர்கள் கம்பியைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். ஒருவர் மோந்தும் பார்த்தார். அந்தக் கூட்டத்தில் மெர்லும் இருந்தான். அவனுக்குத் திடீரென்று இருமல் வந்தது. வெகுநேரம் இருமினான். நான்தான் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

ஆகஸ்டு வந்தது. ஹில்டாவையும் கிரேட்டாவையும் டிரெய்லரில் ஏற்றினோம். நான் இடப்பக்கம், லோர்னா வலப்பக்கம், மடியில் பின்னல் வேலையோடு.

எல்க் கணவாயின் ஏற்றத்தில் வேறு லாரிகள் ஓரங்கட்டி, மூடியைத் திறந்து, ஆவி விட்டுக்கொண்டிருந்தன. எங்கள் வண்டி படிக்கட்டில் ஏறும் பூனையைப் போல் ஏறியது. பட்டாணிச் சத்தம் இல்லை. திணறல் இல்லை. இரண்டு டன் குதிரைகள் பின்னால் இருந்ததையே அது மறந்துவிட்டது. நான் வேண்டுமென்றே ரேடியோவை அணைத்தேன்.

"கேக்குதா?"

"என்ன கேக்கணும்?"

"ஒண்ணும் கேக்கல இல்லையா? அதைத்தான் சொல்றேன்."

உச்சியில் நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் ஊசியை நிறுத்தவில்லை. "நீ ஜெயிச்சுட்டே, ஆரின். அழகா இழுத்துது. எனக்கு வருத்தமே இல்ல."

தோற்றவர்களுக்கு இவ்வளவு அமைதியான முகம் இருக்கலாகாது. அப்போதே நான் ஐயுற்றிருக்க வேண்டும். ஆனால் மலையுச்சியில் மெலிந்த காற்றை மூச்சாக இழுத்த எனக்குள் டர்போ எதுவும் இல்லை.

சந்தைக்குள் நான்தான் ஓட்டிக்கொண்டு நுழைந்தேன். சன்னலை இறக்கி, முழங்கையை வெளியே வைத்து, பார்த்தவர்க்கெல்லாம் விரல் உயர்த்தி நுழைந்தேன். காப்பிக் கூடாரத்தில் ஹார்லன் இருந்தான், பாதிரியார் இருந்தார், மெர்ல் இருந்தான். ஒரு வைக்கோல் கட்டின் மேல் ஏறி நின்றேன்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. இந்தக் கோடையில இந்த வண்டி என்ன குடிச்சுதோ, எந்த ஆயில்ல ஓடிச்சோ, அதை இனிமே ஒரு சொட்டு மாத்த மாட்டேன். வண்டி சாகறவரைக்கும் இதேதான். பாதிரியாரே, நீங்க சாட்சி."

"சந்தோஷமா சாட்சியா இருக்கேன்," என்றார் பாதிரியார் ஆஸ்பி. "தொண்ணூத்தொண்ணு கொஞ்சம் விலைதான். ஆனா அந்த வண்டிக்கு அது தகும். ஒவ்வொரு தடவையும் லோர்னா வாசல்ல சொல்லும்போது, ஆரின் இவ்வளவு நல்லா பார்த்துக்கறானேன்னு நினைச்சுப்பேன்."

வைக்கோல் கட்டு என் காலடியில் சற்று அசைந்தது.

"ஆயிலும் அப்படித்தான், மச்சான்," என்றான் மெர்ல். "ஜூன்ல வண்டி எங்கிட்ட இருந்தப்ப மாத்தினேன். சிந்தெடிக். அக்கா ஐயாயிரத்துக்குள்ளன்னு சொல்லிச்சு. அடுத்த தடவை நீங்களே மாத்திக்குவீங்கல்ல?"

ஹார்லன் கோப்பையைக் கீழே வைத்தான். "ஆரின், நீ எண்பத்தஞ்சுன்னுதானே கோடை பூராவும் சொன்னே?"

கூட்டத்தின் ஓரத்தில் லோர்னா நின்றாள். என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். என்முன் இரண்டு கதவுகள் இருந்தன. இரண்டையும் அவளே செய்து மாட்டியிருந்தாள். 'எனக்குத் தெரியாது' என்றால், எண்பத்தைந்து கணவாய் ஏறவே இல்லை, நான் தோற்றவன், சாவி அவளுக்கு. 'தெரியும்' என்றால், சாவி எனக்கு. வண்டி சாகும்வரை தொண்ணூற்றொன்றும் எனக்கு. ஒரு படைத்தலைவன்கூட இவ்வளவு ஒழுங்காக முற்றுகையிட்டிருக்க மாட்டான். அத்துயரத்தின் நடுவிலும், இவள் என் மனைவி என்று எனக்குப் பெருமையாகவே இருந்தது.

நான் முழங்கையை வெளியே வைத்து நுழைந்ததை ஊரே பார்த்திருந்தது.

"உங்களை எல்லாம் சோதிச்சுப் பார்த்தேன், ஹார்லன்," என்றேன். "டர்போவுக்கு எவனாவது எண்பத்தஞ்சு ஊத்துவானா? மலையாவது, சமவெளியாவது. அது காத்தை அமுக்கித் தள்ளுற இன்ஜின் இல்லையா?"

"அவரு எப்பவுமே அப்படித்தான்," என்றாள் லோர்னா, ஹார்லனிடம். "ரொம்ப ஆழமானவரு." எங்கள் மணவாழ்க்கையில் அவள் என்னை 'அவரு' என்றது அதுவே முதல் முறை.

ஹார்லன் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். தன் வண்டிக்கும் டர்போ உண்டென்றும், என் பேச்சைக் கேட்டே எண்பத்தைந்தை ஊற்றிவந்ததாகவும் சொன்னான். மூன்று பேர் என்னிடம் ஆயில் பற்றி ஐயம் கேட்டார்கள். விடைகளை லோர்னா என் காதில் சொன்னாள். நான் உரக்கச் சொன்னேன்.

ஹில்டாவும் கிரேட்டாவும் இரண்டாம் பரிசு வாங்கின. மாலையில் ஊர் திரும்பினோம். முழு மாவட்டமும் பார்க்க, இடப்பக்க இருக்கையில் அமர்ந்து வண்டியை ஓட்டி வந்தவன் நான்தான். எந்தப் பங்க்கில் நிறுத்த வேண்டும், எந்தக் குழாயை எடுக்க வேண்டும் என்பதை மட்டும் லோர்னா சொன்னாள்.