ரேசகம் என்ற சொல்லால் எனக்கு நேர்ந்தவை

கடல்முக வீதி,
திருகோணமலை.

மதிப்புக்குரிய ‘சொல்லும் வேரும்’ பகுதி ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் பத்திரிகைக் குடும்பமும் கோணேசர் கிருபையால் சுகமாய் இருக்க வேண்டுகிறேன். இங்கு நானும் சுகம். என் மனைவி இரத்தினேஸ்வரி என்னைவிடச் சுகம். அவள் அப்படிச் சுகமாய் இருப்பது பற்றியே இம்முறைப்பாடு.

நான் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பொறாமை என்பது எங்கள் பரம்பரையிலேயே கிடையாது. பிரஷருக்கு மூச்சுப்பயிற்சி நல்லது என்று டொக்டர் சொன்னதால், காலையில் டச்பே கடற்கரையில் நடக்கும் யோகா வகுப்பில் அவளைச் சேர்த்துவிட்டவனும் நானே. படிப்பிப்பவர் கோகுலன் மாஸ்டர். ஆளுக்கு ஐம்பது தாண்டியும் வயிறு இல்லை, தலைமுடி முழுக்க இருக்கிறது. அதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. போன மாதம் வகுப்பால் வந்ததும் வராததுமாக, “இஞ்சருங்கோ, மூச்சை வெளியால விடுறதுக்கு ரேசகம் எண்டு பேர். வெறுமையாக்கிறது எண்டதுதான் அந்தச் சொல்லின்ர வேர். இண்டைக்கு மாஸ்டர் அதை எவ்வளவு வடிவாச் சொன்னவர் தெரியுமே!” என்றாள். அன்று பிடித்தது சனியன். முந்தி நான் சொதிக்கு உப்புக் காணாது என்றால் அவள் ஒன்பது சொல்லுவாள், நான் பத்துச் சொல்லுவேன், வீடு வீடாக இருக்கும். இப்போது கண்ணை மூடி ‘உஸ்ஸ்’ என்று காற்றை விட்டுவிட்டு ஒரு சிரிப்பு. சண்டை பிடிக்க ஆளில்லாத வீட்டில் மனுசன் எப்படி ஐயா இருப்பது?

விடுவேனா? நூலகத்துக்குப் போய்ப் பெரிய அகராதியைப் புரட்டினேன். பேதிக்குக் குடிக்கிற விரேசனத்துக்கும் இதே வேர்தான்! அந்தப் பக்கத்தைப் போட்டோக் கொப்பி எடுத்து, எல்லோருக்கும் முன்னால் வாசித்து மாஸ்டரின் மானத்தை வாங்குவதென்று மறுநாள் கடற்கரைக்குப் போனால், எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு இருக்கினம், நான் ஒரு வள்ளத்துக்குப் பின்னால நிண்டு நேரம் பாத்துக்கொண்டிருந்தனான், கையில இருந்த பேப்பரை ஆரோ இழுக்கிற மாதிரிக் கிடந்துது, திரும்பினா கொம்புமான் ஒண்டு! எங்கட ஊர் மான்களைத் தெரியுந்தானே, சோத்தோட பார்சல் பேப்பரையும் சேத்துத் தின்னுற சாதி. நான் இழுக்க, அது இழுக்க, விரேசனம் மானின்ர வாய்க்குள்ள, நான் மணலுக்குள்ள. மாஸ்டர் ஓடி வந்து தூக்கி, “ஐயா, பதறாதேங்கோ, மூச்சை மெல்ல விடுங்கோ” எண்டார். அந்தக் கையைத் தட்டிவிட்டனான். ஆனா என்ர மனுசி கண்ணைத் திறக்கவே இல்லை ஐயா! திறக்க வேண்டாமெண்டு அவர் சொன்னவராம்! நான் சொல்லி அவள் எதைக் கேட்டவள்? வயிறு எரியுது.

ஆகவே, மாஸ்டரின் விளக்கம் அரைகுறை என்று தங்கள் பகுதியில் கொட்டை எழுத்தில் போட்டு, ஒரு குடும்பத்தைக் காப்பாற்றும்படி மன்றாடுகிறேன். அவள் தங்கள் பகுதியை ஒரு வாரமும் விடாமல் வாசிப்பவள். தங்கள் பேனாவில் மையும் வீட்டில் நெல்லும் என்றும் குறையாதிருப்பதாக.

இப்படிக்கு,
பொறாமையற்ற
ச. கதிர்காமத்தம்பி

பி.கு: கடிதத்தை ஒட்ட முதல் இரத்தினேஸ்வரி வாசித்துவிட்டாள். அந்த வேரை மாஸ்டருக்குச் சொல்லிக் கொடுத்ததே அவள்தானாம். கலியாணத்துக்கு முன் பாலபண்டிதர் தமிழ்ச் சோதனைக்கான வகுப்பில் படித்ததாம். “மாஸ்டர் என்ர பேரைச் சொல்லித்தான் எல்லாருக்கும் விளங்கப்படுத்தினவர். உங்களுக்கும் எத்தினை தரம் சொல்ல வந்தனான், நீங்கள் காது குடுத்தனீங்களே?” என்றாள். ஆகவே விளக்கம் சரி, மறுக்க வேண்டாம். “அப்ப எனக்கும் ஒருக்காச் சொல்லன்” என்று கேட்டேன். “வீட்டில சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போச்சு. நாளைக்கு வகுப்புக்கு வாங்கோ, மாஸ்டர் சொல்லித் தருவார்” என்றாள்.