பதினேழாம் நாள் பதில் போட்ட கல்லூரி

கல்லூரிகளுக்குத் தரம் போடுகிறவர் என்றொரு இனம் உண்டு. கட்டாயம் நீங்கள் சந்தித்திருப்பீர்கள். அந்தக் கல்லூரியில் அவர் படித்ததும் இல்லை, படிப்பித்ததும் இல்லை. அது இருக்கும் ஊரை வரைபடத்தில் காட்டச் சொன்னால் மூக்குக் கண்ணாடியைத் தேடுவார். ஆனால் அங்கே இடம் கிடைப்பது எவ்வளவு கடினம் என்று கேளுங்கள், கண்ணாடி இல்லாமலே சொல்லிவிடுவார்.

நியூசிலாந்தின் ஒடாஹுஹுவில் குடியிருக்கும் குலசிங்கம் இந்த இனத்தின் உத்தம மாதிரி. தொண்ணூறுகளின் நடுவில், ஆக்லாந்தில் மருத்துவத்துக்கு இடம் தவறிய பிள்ளைகளின் பெற்றோர் காதில் அமெரிக்க ஆஸ்டியோபதிக் கல்லூரிகளின் பெயர் விழுந்தது. அங்கே படித்தாலும் முழு டாக்டர்தான். கூடவே எலும்பையும் தசையையும் கையால் பிடித்துச் சீராக்கவும் சொல்லிக் கொடுப்பார்கள். எங்கே போட்டி அதிகம், எங்கே குறைவு? யாருக்குத் தெரியும்? பகலில் நகர மையத்து வங்கியொன்றில் வேலை பார்க்கும் குலசிங்கத்துக்குத் தெரியும்.

எப்படி? விவரக்கொத்து கேட்டுப் பதினைந்து கல்லூரிகளுக்குக் கடிதம் எழுதினார். நாள்காட்டியில் குறித்துக்கொண்டு காத்திருந்தார். உடனே பதில் போட்ட கல்லூரிக்குப் பிள்ளை கிடைக்கவில்லை, ஆகவே லேசு. இரண்டு மாதம் எடுத்தது நடுத்தரம். ஆறு மாதம் இழுத்தடித்தது உயர்தரம். பதினான்கு மாதமாகியும் வாயே திறக்காத ஒன்று, பென்சிலில் எழுதிய அந்தப் பட்டியலின் உச்சியில் இரட்டைக் கோட்டோடு வீற்றிருந்தது. பதினேழே நாளில் மரியாதையாகப் பதில் போட்ட அப்பாவிக் கல்லூரி ஒன்று அடியில் கிடந்தது.

ஞாயிறு தமிழ்ப் பள்ளி வாசலில்தான் அருள்வாக்கு. அப்படி இடம் தவறிய நிமலனின் தாய் ரதிதேவி விண்ணப்பத்தோடு வந்தார்.

"அண்ணை, இந்தக் கடைசிக் கல்லூரிக்கு நிமலனைப் போடச் சொல்லட்டோ?"

"சீச்சீ! அங்க போட்டியே இல்லை, தங்கச்சி. நாலு பேர் கேட்டா என்னெண்டு சொல்லுவியள்?"

ரதிதேவி விண்ணப்பத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். மானம் தப்பியது.

குலசிங்கத்தின் ஒரே மகள் லோஜனா பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். டாக்டராக வேண்டும், வேறு ஆசை இல்லை. தகப்பனோ முதல் ஐந்துக்கு மட்டும்தான் அனுமதி கொடுத்தார். அவற்றில் நான்கு கல்லூரிகள் இடமில்லை என்றன. மிஞ்சியது உச்சியில் வீற்றிருந்த அந்த ஊமை. அதன் விண்ணப்பப் படிவமே இன்னும் வந்து சேரவில்லை. "வரும், பொறு. பெரிய இடம்" என்றார் குலசிங்கம்.

ஒரு மழைநாளில் அவள் தகப்பனின் பழைய கோட்டை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றாள். உள்பையில் ஏதோ தடிப்பாகத் தட்டுப்பட்டது. எடுத்தாள். ஒரு கடித உறை. அதன்மேல் அப்பாவின் அழகான கையெழுத்தில் அந்த முதலாம் தரக் கல்லூரியின் முகவரி. முத்திரை ஒட்டவில்லை. பதில் போடாத கல்லூரிக்குக் கடிதமே போகவில்லை! அவள் சிரித்தாள். பிறகு, ஒரு வருடம் போயிற்றே என்று பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். பாவம், அழாமல் என்ன செய்வாள்? அன்று மாலையே வீட்டுக்குத் தெரியாமல் கடைசிக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டாள்.

அது வழக்கம்போல உடனே பதில் போட்டது. நேர்முகத் தேர்வுக்கு வரச் சொல்லி. விமானச் சீட்டுக்கு அப்பாவிடம் சொல்லித்தானே ஆகவேண்டும்? செவ்வாய்க்கிழமை இரவு இரண்டு உறைகளையும் சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

"அப்பா, ஐ காட் அன் இன்டர்வியூ. அண்ட் திஸ் வாஸ் இன் யுவர் கோட்."

குலசிங்கம் முதல் உறையைப் படித்தார். இரண்டாவதைப் பார்த்தார். காது சிவந்தது. மகளின் தலையைத் தடவியபோது கண் கலங்கியது. அதில் பொய்யே கிடையாது. பிறகு பட்டியலை எடுத்தார்.

"அழிறப்பர் எங்க பிள்ளை?"

அடுத்த ஞாயிறு பள்ளி வாசலில் புதிய பட்டியல் வெளியானது. அடியில் கிடந்தது உச்சிக்கு ஏறியிருந்தது.

"அண்ணை, அங்க போட்டியே இல்லை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?" என்றார் ரதிதேவி.

"அது அப்ப, தங்கச்சி. இப்ப சரியா இறுக்கிப் போட்டாங்கள்."

"எப்ப இருந்து?"

"செவ்வாய்க்கிழமை."

"இந்த வருஷக் கடைசித் தேதியும் முடிஞ்சுது. அடுத்த வருஷம் நிமலனைப் போடச் சொல்லட்டோ?"

குலசிங்கம் கண்ணை மூடி யோசித்தார்.

"போடட்டும். ஆனா உங்கட பெடியனுக்குக் கஷ்டம்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் பிள்ளைக்கு இடம் கிடைத்த கல்லூரி கடினமானது, அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்தது லேசானது என்று நீங்களும் ஒருநாள் கண்டுபிடித்தீர்கள் அல்லவா? அது என்ன கிழமை என்று மட்டும் ஞாபகப்படுத்திப் பாருங்கள்.