தர்பூசணிக்கு வந்த பப்பாளி நோய்

2005-ம் வருஷம் மாசி மாதம், மரக்காணம் உப்பளத்துக்கு மேற்கே சிங்காரம் போட்டிருந்த ஒன்றரை ஏக்கர் தர்பூசணியில் இலை சுருங்கி, திட்டுத்திட்டாக மஞ்சள் விழுந்தது. மேல்பாதிக் கொடிகளுக்கு மட்டும்தான். கீழ்பாதி பச்சைப்பசேலென்று பிஞ்சு விட்டிருந்தது. சீக்குக் கொடியைப் பிடுங்கிப் போட்டால் மிச்சம் பிழைக்குமா என்ற ஒரே கேள்வியோடு, கொடியும் கையுமாகச் செடிநோய் வகைப்பாட்டு அலுவலகத்துக்குப் போனார்.

பெயர் தெரியாத நோய்க்கு யோசனை சொல்வதில்லை என்பது அந்த அலுவலகத்தின் கொள்கை. இலை ஆய்வகத்துக்குப் போனது. பதினெட்டு நாள் கழித்து, மூன்று முத்திரையோடு பதில் வந்தது: 'பப்பாளி வளையப்புள்ளி வைரஸ்'. அதில் தர்பூசணி போன்ற கொடிகளைத் தாக்கும் வகை, பப்பாளியைத் தொடாது என்று கீழே பொடி எழுத்தில் இருந்தது. பொடி எழுத்தைப் படிக்க அங்கே பணியிடம் ஒதுக்கப்படவில்லை.

கொடிப் பிரிவு அதிகாரி தட்சணாமூர்த்தி காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"இது பப்பாளி நோய்ங்க. மரப் பிரிவுக்குப் போங்க."

"வந்தது தர்பூசணிக்கு சார்."

"அது உங்க தர்பூசணி பண்ண தப்பு. பேரைப் பாருங்க."

மரப் பிரிவு அதிகாரி சூர்யகலா அன்பாகத்தான் பேசினார். ஆனால் படிவத்தின் முதல் கேள்வியே பப்பாளி மரம் எத்தனை என்பதுதான். பூஜ்யம் என்று எழுதினால் படிவம் செல்லாதாம். அதற்குள் மஞ்சள் கீழ்பாதிக்கும் இறங்கிவிட்டது. நானே பிடுங்கிடட்டுமா என்று கேட்டதற்கு, வகைப்படுத்தாத பயிரை அகற்றுவது சான்றை அழிக்கும் செயல் என்றார்கள். சிங்காரம் வேறு என்ன செய்ய? பொம்மையார்பாளையத்திலிருந்து ஒரு பப்பாளிக் கன்று வாங்கி வந்து நடு வயலில் நட்டு, படிவத்தில் ஒன்று என்று எழுதிக் கொடுத்தார்.

ஒரு மாதம் கழித்து இரண்டு அதிகாரிகளும் ஜீப்பில் கள ஆய்வுக்கு வந்தார்கள். கொடி ஒன்றுவிடாமல் காய்ந்து கிடந்தது. பப்பாளி மட்டும் கொழுகொழுவென்று நின்றது. இருவரும் கொடிகளைத் தாண்டிப் போய்ப் பப்பாளியைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தார்கள்.

"இதுல நோயே இல்லையேங்க," என்றார் சூர்யகலா.

"கொடியில இருக்குதுங்க மேடம்."

"கொடிக்கு இந்தப் பேர்ல நோய் கிடையாது," என்று தட்சணாமூர்த்தி முடித்து வைத்தார்.

'பப்பாளி நோய் முற்றிலும் ஒழிக்கப்பட்டது' என்று அறிக்கை போனது. நோய் ஒழிப்பில் முன்னோடி விவசாயி என்று கூட்டம் போட்டுச் சிங்காரத்துக்குச் சால்வை போர்த்தினார்கள். காய்ந்த கொடியை நினைத்து அவருக்கு அழுகை வந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று கூட்டம் கைதட்டியது.

அடுத்த பட்டத்தில் கிளியனூர் வரைக்கும் தர்பூசணி வயலுக்கு நடுவே ஒரு பப்பாளி வைப்பது வழக்கமாகிவிட்டது. பக்கத்து வயல்காரன் பாவாடை, பப்பாளிக் கன்றோடு சிங்காரத்திடமே வந்து யோசனை கேட்டான். நடந்ததையெல்லாம் சொல்லத்தான் சிங்காரம் வாயைத் திறந்தார். ஆனால் பாவாடை கைகட்டி, "முன்னோடி சொன்னா சரிங்க" என்று நின்றான். அப்படி அவர் முன்னால் யாரும் நின்றதில்லை.

"கிழக்கே பாத்து நடுப்பா," என்றார் சிங்காரம்.