மணியோட காதுக்கு நான் பாத்த வைத்தியம்

அன்னிக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. நாயைச் சந்தைக்குக் கூட்டிட்டுப் போய், கேட்டவங்க கையில கயித்தக் குடுத்துட்டு வரணும்.

அரை மணி நேர வேலை. அதுக்கு மேல ஒண்ணுமில்ல.

எழுபதுகளோட ஆரம்பம் அது. காரிமங்கலம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில நான் நர்சு. மனுசங்களுக்குக் கட்டுப் போடத்தான் சம்பளம். ஆனா ஒரு தடவ கால் ஒடிஞ்ச பூனைக்குட்டிக்குக் கட்டுப் போட்டுத் தொலைச்சேன். அதுலருந்து "நர்சம்மா வூட்டு வாசல்ல விட்டா பொழச்சிக்கும்"னு ஊரெல்லாம் பேராயிடுச்சு. மூணு பூனை, ரெண்டு நாய் எங்கிட்டத் தேறி, நல்ல எடமாப் பாத்துப் போய்ச் சேந்துடுச்சுங்க. எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறிப் போயிருந்துச்சு. அத மறைக்கறதுக்கில்ல.

மணி வந்தது அதுக்கப்புறம். பஸ் ஸ்டாண்டு ஓரமா லாரி அடிச்சுக் கெடந்துச்சு. பின்னங்கால் ரெண்டா தொங்குது. மூங்கில் பத்தை வெச்சுக் கட்டுனேன். யார் நாய், எந்த ஊர் நாய்னு டீக்கடை டீக்கடையா விசாரிச்சேன். எங்க நாய்னு ஒருத்தரும் வரல. சரி, நம்ம நாய்தான்னு மணின்னு பேர் வெச்சேன்.

ரெண்டு மாசத்துல கால் கூடிடுச்சு. ஓட்டம்னா ஓட்டம்! ஆனா ஒரே ஒரு கொறை.

"மணி, வா!"ன்னா வராது.

"உக்காரு!"ன்னா நிக்கும்.

"போ!"ன்னா என் மூஞ்சியவே பாக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவங்க கையில தந்தியக் குடுத்தா எப்படிப் பாப்பாங்களோ, அந்தப் பார்வை.

நான் நர்சு இல்லையா? டக்குனு கண்டுபிடிச்சுட்டேன். லாரி அடிச்சதுல காது போயிடுச்சு!

மூணு வாரம் தெனமும் நல்லெண்ணெய வெதுவெதுப்பாக் காய்ச்சி ரெண்டு காதுலயும் விட்டேன். அதும் பாவம் தலையச் சாய்ச்சுக் காட்டும். ஒரு நாள் கை தவறி ஈயத் தட்டு கீழ விழுந்துச்சு. மணி ஒரு முழம் துள்ளுச்சு.

எதுத்த போர்ஷன்ல இருந்த வூட்டுக்காரர், துணிக்கட வெச்சிருந்த பாய், எட்டிப் பாத்தார். "ஏம்மா, அதுக்குக் காது கேக்குதே?"

"அது அதிர்வுங்க பாய். தரை வழியா ஒடம்புக்கு ஏறுது."

"அப்டிங்களா? படிச்சவங்க நீங்க. சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அந்த மனுசன் என் மேல வெச்சிருந்த மரியாதைய நெனச்சா இப்பவும் வெக்கமா இருக்கு.

பாய் நல்லவரு. தெனம் எலும்புத்துண்டு கொண்டாந்து பின்பக்கமா மணிக்குப் போடுவார். ஆனா ஒரு நாள் மெதுவாச் சொல்லிட்டார். "நர்சம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. நாங்க தொழுவற வூடு. நாயி உள்ள பூந்துட்டா எங்களுக்கு ஆவாதுங்க. அடுத்த சந்தை வர்றதுக்குள்ள ஒரு எடம் பாத்துடுங்களேன்."

ஞாயமான பேச்சு. நான் எடம் தேட ஆரம்பிச்சேன்.

கெடச்சவங்க மாதம்மா. அஞ்சு மைல் தள்ளி ஒரு ஊரு. கடலக்கொல்லையில பன்னித் தொல்ல, காவலுக்கு நாய் வேணும்னாங்க. சந்தை அன்னிக்கு வந்து வாங்கிக்கறேன்னாங்க.

காவல் நாய். காது கேக்காத காவல் நாய்!

சொல்லலாமா வேணாமா? ரெண்டு நாள் யோசிச்சேன். "மூக்கு நல்லாத்தானே இருக்கு, பன்னி வாசன வராமலா போயிடும்"னு மனசத் தேத்திக்கிட்டேன். சொல்லல. வேற எடமும் இல்ல. விட்டா மறுபடியும் பஸ் ஸ்டாண்டு, மறுபடியும் லாரி.

சந்தையில புளிய மரத்தடியில மாதம்மா நின்னுட்டிருந்தாங்க. பக்கத்துல அவங்க மருமக ஜயம்மா. எல்லைக்கு அந்தாண்ட ஆனேக்கல் பக்கத்துலருந்து கட்டிட்டு வந்து ஆறு மாசம். முக்காடு போட்டுக்கிட்டு, தரையப் பாத்துக்கிட்டு, கையில கூடையோட நிக்குது.

"இதுதாங்களா நாயி? ஒடம்பு வாட்டசாட்டமாத்தான் இருக்குது. பேரு?"

"மணிங்க பெரிம்மா."

மாதம்மா பத்தடி தள்ளிப் போய் நின்னுக்கிட்டாங்க. நல்ல கணீர்க் கொரல் அவங்களுக்கு.

"டேய் மணி! வாடா!"

மணி மரத்து மேல காக்காயப் பாத்துச்சு.

"புது எடமில்லீங்களா, கூச்சப்படுது"ன்னேன்.

"வாடா இங்க!" மாடு வாங்க வந்தவங்க நாலு பேர் திரும்பிட்டாங்க. மணி திரும்பல. கால நீட்டிச் சொறிஞ்சுக்குச்சு.

"ஏனுங்க நர்சம்மா, இதுக்குக் காது கேக்குமா?"

நேராக் கேட்டா பொய் சொல்ல வராது எனக்கு. அது ஒரு வியாதி. "கொஞ்சம்... மந்தமுங்க."

"எவ்ளோ மந்தம்?"

"முழுசாங்க."

"அய்யய்யோ! செவிட்டு நாயவா என் தலையில கட்டப் பாத்தீங்க? பன்னி வந்து இது வாலத் தின்னாக்கூட இதுக்குத் தெரியாதே!"

கூட்டம் சேந்துடுச்சு. சந்தையில சண்டைன்னா கத்திரிக்காய்க்காரங்க தராச வெச்சுட்டு வந்துடுவாங்க. எனக்குக் காது மடலெல்லாம் சூடேறிப் போச்சு.

அந்த நேரம் பாத்து, அந்தாண்ட கம்பளி விக்கிற ஆளு ஒருத்தர் டீக்கடையில நின்ன தன் கூட்டாளியக் கூப்புட்டார்.

"ஏய் ஹனுமா! பா இல்லி!"

கூட்டாளி வர்றதுக்குள்ள மணி போயிடுச்சு!

என் கையிலருந்து கயித்த உருவிக்கிட்டு, ஒரு வெங்காயக் குவியலத் தாண்டி, கம்பளிக்காரர் மடியில போய் விழுந்துச்சு. வாலு சுத்துது பாருங்க, ராட்டை மாதிரி!

சந்தையே கழுத்த நீட்டிப் பாத்துச்சு. அப்புறம் யாரோ சத்தமாச் சொன்னாங்க. "அவன் நாய்ப்பா அது! நர்சம்மா தூக்கியாந்துட்டாங்க!"

"கட்டுப் போடறேன்னு சொல்லித் திருடிட்டாங்களா?"

"படிச்ச பொம்பள!"

கம்பளிக்காரர் பயந்து போய் ரெண்டு கையும் தூக்கிட்டார். "என் நாய் இல்ல சாமி! நானு இத நோடவே இல்ல, பாக்கவே இல்ல!" இவரு இல்லேங்கறாரு, நாய் அவர் மூஞ்சிய நக்குது. யார் நம்புவா? ஆறு வருசம் ஊசி போட்டுச் சம்பாதிச்ச பேரு வெங்காயத்தோட வெங்காயமா உருளுது.

அப்பத்தான் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு.

ஜயம்மா! முக்காடு நழுவுனது கூடத் தெரியாம சிரிக்குது. கூடைய கீழ வெச்சுட்டு முன்னால வந்து, வெரல நீட்டிச் சொல்லுச்சு.

"கூத்கோ!"

மணி உக்காந்துச்சு.

"ஏளு!"

எந்திரிச்சுச்சு.

"பா இல்லி!"

ஓடி வந்து ஜயம்மா காலடியில நின்னு, அடுத்து என்னன்னு அண்ணாந்து பாத்துச்சு. மொத தடவையா அந்த நாய் முகத்துல ஒரு நிம்மதியப் பாத்தேன். மூணு மாசம் கழிச்சு ஒரு மனுசப் பொறப்பு வெளங்கற மாதிரி பேசுதேங்கற நிம்மதி.

காது நல்லாத்தான் இருந்திருக்கு. தமிழ்தான் தெரியல! எந்தக் கன்னடத்து லாரியில வந்து எறங்குச்சோ. நான் அதுக்கு மூணு வாரம் எண்ணெய் விட்டிருக்கேன்.

சந்தையே சிரிச்சுச்சு. கத்திரிக்காய்க்காரர் தராசைத் தேடிப் போனார். ஆனா மாதம்மா நாயப் பாக்கல. மருமகளையே பாத்துக்கிட்டு நின்னாங்க.

"ஆறு மாசமா 'சரிங்க'ங்கறதத் தவிர ஒரு வார்த்த பேசலியே இவ! ஊமையோன்னு எம் மகங்கிட்டயே கேட்டேனே!"

நாயும் மருமகளும் முன்னால போக, மாதம்மா பின்னால கூடையத் தூக்கிக்கிட்டுப் போனாங்க.

ஒரு மாசம் போச்சு. ஆஸ்பத்திரி வரிசையில மாதம்மா.

"என்ன பெரிம்மா, ஒடம்புக்கு என்ன?"

"வவுத்தெரிச்சலுக்கு மருந்து இருக்குதுங்களா?"

"சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"மருமகளப் பாத்தா வருது." குனிஞ்சு ரகசியமாச் சொன்னாங்க. "விடிஞ்சதுலருந்து நாயிகிட்டயே பேச்சு. களி கிண்டறப்பயும் பேச்சு, கள எடுக்கறப்பயும் பேச்சு. ஒண்ணும் வெளங்கல. நடுவால நடுவால 'அத்தே, அத்தே'ங்கறா. அது மட்டும் வெளங்குது! நாயி அதக் கேட்டுட்டு என்னயத் திரும்பிப் பாக்குதுங்க."

சமாதானம் பண்ணி அனுப்பிட்டு, ஞாயித்துக்கெழம சர்ச்சுல பூசை முடிஞ்சு அவங்க ஊருக்கே போனேன். நாய் கொடுத்த எடத்த ஒரு தடவ பாத்துட்டு வர்றது என் வழக்கம். மணி நல்லாக் கொழுத்திருந்துச்சு. பன்னி கொல்லப் பக்கமே வர்றதில்லையாம்.

ஜயம்மாவத் தனியாக் கூப்புட்டேன். "ஏம்மா, மாமியாரப் பத்தி அதுங்கிட்ட என்னதான் சொல்ற?"

ஜயம்மா மெதுவா, தமிழத் தேடித் தேடிச் சொல்லுச்சு. "அத்தே களியில உப்பு ஜாஸ்தி போடறாங்கக்கா. அதச் சொன்னேன். மணியும் ஆமான்னுச்சு."

நான் வெளிய வந்து மாதம்மாகிட்ட, "உங்க சமையலப் பத்தித்தான் பேசுதுங்க பெரிம்மா"ன்னேன். பொய் இல்ல பாருங்க.

மாதம்மா என்னைய ஏற எறங்கப் பாத்தாங்க. அந்தாண்ட மருமகளும் நாயும் ஒண்ணா உக்காந்திருந்ததப் பாத்தாங்க. பஸ்ஸுக்குக் கெளம்புன என்னைக் கையப் புடிச்சு நிறுத்தினாங்க.

"நர்சம்மா, அடுத்த தடவ தமிழ் தெரிஞ்ச நாயா ஒண்ணு வந்தா எனக்குச் சொல்லி அனுப்புங்க. எம் பக்கமும் ஒரு ஆளு வேணுமில்லீங்களா?"