பாசம் நிறுத்துத் தரப்படும்

"காசு போனா போகட்டுங்க. இந்தப் பிள்ளையும் கையை விட்டுப் போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

"அதுக்கு இந்த ஆளுகிட்டயா வர்றது? தராசு ரிப்பேர் பண்றவன்டி நான். என்னையே கூட்டிட்டு வந்து ஒரு தராசு முன்னாடி உட்கார வச்சிருக்கியே!"

"மெதுவா பேசுங்க, ஐயா காதுல விழும்."

"முக்காலமும் தெரிஞ்சவருக்குக் காதுல விழுந்துதான் தெரியணுமா?"

மூன்றாவது வரிசையில் புருஷனும் பெண்டாட்டியும் இப்படி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பின்னால் நின்று நாற்காலி எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த மண்டபத்துக்கு நாற்காலி வாடகைக்கு விடுகிறவன் நான். ஆரம்பத்தில் நாற்பது கேட்டார்கள். இப்போது இருநூறும் போதவில்லை.

எல்லாம் தராசு ஐயாவைப் பார்க்க வந்த கூட்டம். குழந்தை தத்தெடுக்கப் போகிறவர்களுக்காகவே பிறவி எடுத்தவராம். சட்டப்படி, பிள்ளையைக் கொடுத்த தாய் மனசு மாற அறுபது நாள் அவகாசம் உண்டு. அதற்குள் அவள் கேட்டால் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். நியாயமான சட்டம்தான். ஆனால் காத்திருக்கிறவர்களுக்கு அந்த அறுபது நாளும் ஒரே பயம். அந்தப் பயத்தின் மேல்தான் ஐயா கடை விரித்திருந்தார்.

வித்தை இதுதான். ஒரே அளவில் இரண்டு பித்தளை டப்பி. குழந்தையின் துணியிலிருந்து ஒரு நூல் ஒரு டப்பியில். அது பெற்றவள் பாசமாம், இடது தட்டுக்குப் போகும். தம்பதியின் துணியிலிருந்து ஒரு நூல் இன்னொன்றில். அது வளர்க்கப் போகிறவர்கள் பாசம், வலது தட்டு. இடது இறங்கினால் பிள்ளை தங்காது. நான் பார்த்தவரை இடது இறங்காத நாளே இல்லை. உடனே பரிகாரம். பணம் கட்டியதும் சீடர் இடது தட்டை உள்ளே எடுத்துப்போய் வெந்நீரில் நீராட்டிக் கொண்டுவருவார். மறுபடி வைத்தால் முள் நட்ட நடுவில் நிற்கும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

அதன் பிறகு பிள்ளை தங்கினால் ஐயாவின் சக்தி. தங்காவிட்டால் வளர்க்க வந்த அம்மாவின் மனசில் ஏதோ குறை. தோற்கவே முடியாத தொழில்!

இந்த இருவரின் கதை எனக்குத் தெரியும். போன வருஷம் ஒரு தரகரிடம் மொத்தப் பணத்தையும் ஒரே தவணையில் கொடுத்துப் பிள்ளை வாங்கினார்கள். பத்தொன்பது நாள் வீட்டில் இருந்தது. பெற்றவள் கேட்டாள், கொடுத்துவிட்டார்கள். தரகரின் போன் அன்றைக்கு அணைந்தது, இன்னும் எரியவில்லை. தொட்டில் கிடந்த அறையை அந்த அம்மா அதற்குப் பிறகு திறக்கவே இல்லை.

இப்போது குழந்தைகள் இல்லத்தில் இன்னொரு பிள்ளை. தினமும் நாலு மணிக்குப் போய்த் தூக்கிக் கொஞ்சலாம். ஆனால் மூன்று நாளாக இவள் போகவில்லை. முறைக்குப் பேர் கொடுக்க அவள் தனியாக வந்தபோதே ஐயா போட்ட உத்தரவு: "தொடாதே. தொட்டா பாசம் ஒட்டிக்கும். அப்புறம் பிரிஞ்சா நீ தாங்க மாட்டே." பரிகாரக் கட்டணம்? பிள்ளையின் முதல் வருஷச் செலவுக்கு என்று எடுத்து வைத்திருந்த பணம், அப்படியே.

ரிப்பேர்க்காரர் குரலைத் தணித்தார். "சரி, பணத்தைக் கட்டறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு பண்ணு. எங்கிட்ட எந்தத் தராசு வந்தாலும் முதல்ல தட்டு மாத்தி நிறுத்துப் பார்ப்பேன். இடதுல இருக்கறதை வலதுல, வலதுல இருக்கறதை இடதுல. தராசு யோக்கியமா இருந்தா எந்தப் பக்கம் வச்சாலும் ஒரே பதிலைத்தான் சொல்லும். மாத்தி வச்சும் பெத்தவ டப்பியே இறங்குச்சுன்னா நான் வாயைத் தைச்சுக்கறேன்."

"அவ்வளவுதானே? செய்றேன். அப்புறம் நீங்க மூச்சு விடக் கூடாது."

முறை வந்தது. ஐயா டப்பிகளை வைத்துக் கண்ணை மூடினார். இடது இறங்கியது. கூட்டம் வழக்கம்போல "ஐயோ" என்றது. ஐயா கண்ணைத் திறப்பதற்குள் அந்த அம்மா இரண்டு டப்பிகளையும் இடம் மாற்றி வைத்துவிட்டாள்.

மறுபடியும் இடதுதான் இறங்கியது.

"ஐயா, இப்ப இடதுல இருக்கறது எங்க நூலுங்க. அப்ப எங்க பாசம்தானே ஜாஸ்தி?"

"மாத்தி வச்சதுல தராசுக்குக் கோபம் வந்துருச்சும்மா!"

"கோபம்தானே? நான் சமாதானம் பண்றேன்." ரிப்பேர்க்காரர் எழுந்து வந்து இடது தட்டைத் தூக்கி, அடியில் நகத்தால் சுரண்டினார். மெழுகு உருண்டை ஒன்று பெயர்ந்து வந்தது. அதற்குள் இரண்டு ஈயக் குண்டு. "வெந்நீர்ல குளிப்பாட்டினா இது உருகி விழுந்துடும். பாசம் சரியாயிடும். சாமி, எங்க தொழில்ல இதுக்குப் பேரு கள்ள எடை!"

பின்வரிசையில் ஒருவர் விடவில்லை. "அப்ப என் தங்கச்சிக்கு மட்டும் எப்படிப் பிள்ளை தங்குச்சு?"

"பெத்த பொண்ணு யோசிச்சு எடுத்த முடிவு அண்ணே. அதுல மெழுகுக்கு என்ன வேலை?" என்றார் ரிப்பேர்க்காரர்.

ஐயா தியானத்துக்கு நேரமாகிவிட்டது என்று பின்வாசலுக்குப் போனார். தியானத்துக்கு அவ்வளவு வேகமாக ஒருவர் ஓடி நான் பார்த்ததில்லை. செருப்பைக்கூட எடுக்கவில்லை. நான் என் நாற்காலிகளை எடுத்து வண்டியில் ஏற்றினேன். அந்த வாடகையில் இத்தனை நாள் சாப்பிட்டது எனக்கும் உறுத்தியது. மணி மூன்றரை. "ஏறுங்கம்மா" என்றேன். நாற்காலிகளுக்கு நடுவே இருவரும் உட்கார்ந்து வந்தார்கள்.

இல்லத்து அதிகாரி அம்மாவிடம் அவள் நேராகவே கேட்டாள். "இந்தப் பிள்ளை தங்குமா?"

"தெரியாதும்மா. தெரியும்னு எவன் சொன்னாலும் நம்பாதீங்க. பெத்த பொண்ணுகிட்டப் பேச இங்க தனி ஆள் இருக்காங்க, அவளை யாரும் நெருக்க மாட்டாங்க. பணத்தை மொத்தமாக் கட்டாதீங்க. ஒவ்வொரு கட்டம் முடிஞ்சதும் கட்டி ரசீது வாங்குங்க. தத்து நின்னு போனா எந்தப் பணம் திரும்ப வரும், எது வராதுன்னு இப்பவே எழுத்துல கேளுங்க. போன தடவைக்கே நீங்க இன்னும் அழுது முடிக்கல போலிருக்கே. உங்ககிட்டப் பேசறதுக்கும் ஆள் இருக்கு."

"போயிட்டா?"

"அழுவீங்க. ரெண்டு பேரும் சேர்ந்து அழுங்க. ஆனா இன்னைக்கு இதைத் தூக்கறதுக்கு ஒரு கை வேணும்."

தூக்கினாள். அவள் தோளில் கன்னத்தை வைத்துப் பிள்ளை தூங்கிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து அப்பன்காரர் கைக்கு மாறியதும் அவர் சட்டையை நனைத்தது. "இது எவ்வளவு எடைங்க?" என்று கேட்டேன். "நிறுக்க மாட்டேன் போய்யா" என்றார்.

அறுபதில் இன்னும் முப்பத்தொரு நாள் பாக்கி இருக்கிறது. என்ன ஆகும் என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் நேற்றும் நாலு மணிக்குப் போனார்கள்.

ஐயா வேறு ஊரில் வேறு மண்டபம் பிடித்துவிட்டதாகக் கேள்வி. அங்கேயும் செருப்பை வெளியே விடச் சொல்வார்கள், விடுங்கள். மூளையை விடச் சொல்லி யாரும் கேட்பதில்லை. அதை நாமாகத்தான் விட்டுவிட்டு உள்ளே போகிறோம்.

இப்படி ஒரு தராசு முன்னால் நீங்களும் உட்கார்ந்திருக்கிறீர்களா? உங்களுக்கு எந்தத் தட்டு இறங்கியது, பிள்ளையைத் தொடாதே என்று எத்தனை நாள் சொன்னார்கள்? கூச்சப்படாமல் கீழே பதில் எழுதுங்கள். அடுத்த வரிசையில் உட்காரப் போகிறவர் அதைப் படிக்கட்டும்.