பொட்டாசியம் மேடமும் டிரைவர் அண்ணனின் காதும்

கோயமுத்தூரில் பொட்டாசியத்துக்காக ஒரு கல்லூரி முதல்வரையே வகுப்பு வாசலில் நிறுத்திவைத்த ஆள் ஒருவர்தான் இருக்க முடியும். பீளமேட்டில் நான் ஆங்கிலம் எடுத்துக்கொண்டிருந்த பாராமெடிக்கல் கல்லூரியில் அவர் உடலியங்கியல் ஆசிரியை. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மற்றபடி எல்லாருக்கும் பொட்டாசியம் மேடம்.

மனித உடம்பில் எத்தனையோ உறுப்புகள் இருக்க, அவர் கண்ணுக்கு உள்காது ஒன்றுதான் தெரியும். "காதுக்குள்ள ரெண்டு தண்ணி இருக்குது கண்ணு. ஒண்ணுல சோடியம் சாஸ்தி, ஒண்ணுல பொட்டாசியம் சாஸ்தி. நடுவுல மெல்லிசா ஒரு சவ்வு. அது கிழிஞ்சு ரெண்டும் கலந்துச்சுன்னா கேக்கறதெல்லாம் போச்சு" என்று ஆரம்பித்தால், மணி அடித்தாலும் நிறுத்தமாட்டார்.

தாராபுரத்தில் அவர் தம்பி மகள் கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். பந்தியில் பக்கத்து இலைப் பெரியவர், காதுக்குள் இரைச்சலாக இருக்கிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். மேடம் ஒரு கைமுறுக்கை எடுத்து அவர் இலையில் வைத்து, அதன் வளைவுகளில் ரசத்தை ஊற்றி, காதுக்குள் தண்ணீர் ஓடும் வழியை விளக்கினார். பெரியவர் பாயசம் வரும்வரைகூட இருக்கவில்லை.

முதல்வர் கதைக்கு வருகிறேன். அன்று மேடம் நடத்திய பாடத்தில் வகுப்பறைதான் காதுக்குள் பொட்டாசியம் தண்ணீர் நிற்கும் பை. மாணவர்கள் பொட்டாசியம், வராண்டா சோடியம். வாசலில் இரண்டு தடியன்கள் பம்பு. பொட்டாசியத்தை விடாமல் உள்ளே தள்ளவேண்டும். பின்கதவைத் திறந்தால் நெருக்கடியில் பொட்டாசியம் பாய்ந்து வெளியேறும். அந்தப் பாய்ச்சலில்தான் நமக்குச் சத்தம் கேட்கிறதாம். கூச்சல் கேட்டு முதல்வர் ஓடிவந்தார்.

"சார், நீங்க சோடியமுங்க. உள்ள வரக்கூடாதுங்க" என்றார் மேடம்.

பம்புகளும் வழிவிடவில்லை. பாடம் முடியும்வரை முதல்வர் சோடியமாகவே நின்றார்.

டிரைவர் அண்ணன் விழுந்திருக்காவிட்டால் மேடத்தை வைத்து நாங்கள் சிரித்துக்கொண்டேதான் இருந்திருப்போம்.

ராசு அண்ணன் எங்கள் கல்லூரி பஸ் டிரைவர். ஒரு காலை, காந்திபுரத்தில் எங்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு கிளம்பும் முன், வண்டியின் படிக்கட்டைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்து வாந்தி எடுத்தார். எழுப்பினால் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தார். அதே பஸ்ஸுக்கு நின்றிருந்த கல்லூரிப் போக்குவரத்து மேனேஜர் ஒரே பார்வையில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"காலங்காத்தால குடிச்சுப்போட்டு வந்திருக்கறான். இன்னியோட கணக்க முடிச்சர்றேன்."

மேடம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அண்ணன் முகத்தைக் கையில் ஏந்திக் கண்ணைப் பார்த்தார். "ஏனுங்க மேனேஜர், முழி ரெண்டும் ஒரு பக்கமா வெட்டி வெட்டி இழுக்குது, பாருங்க. காதுக்குள்ள கோளாறுன்னாலும் இப்படி ஆகுமுங்க. குடிச்சிருக்காருன்னா நீங்களே மோந்து பாருங்க."

"நான் எதுக்குங்க?"

"நீங்கதானுங்க சொன்னீங்க."

அத்தனை மாணவர்கள் முன்னால் மேனேஜர் குனிந்து மோந்தார். "இட்லிப்பொடி வாசந்தான் வருது" என்று ஒப்புக்கொண்டார்.

"அண்ணா, காது அடைச்ச மாதிரி இருக்குதுங்களா?"

"இடது காதுல ஊன்னு எரையுதுங்க. ஊடு, மரம் எல்லாம் சுத்துது. ஊட்டுல முன்னாலயும் ரெண்டு மூணு தடவ வந்துச்சுங்க. சொன்னா வண்டியப் புடுங்கிருவீங்கன்னு சொல்லலீங்க."

மேடம் ஆட்டோ பிடித்து அவரைக் காது டாக்டரிடம் கூட்டிப்போனார். நானும் ஏறிக்கொண்டேன். கேட்கும் திறனைச் சோதித்தார்கள். இன்னும் என்னென்னவோ பார்த்தார்கள். கடைசியில் டாக்டர், அந்தப் பொட்டாசியம் தண்ணீர் அளவுக்கு மேல் சேர்ந்து பை வீங்கியிருக்கிறது என்றார். உப்பைக் குறைக்க வேண்டும், மாத்திரை போட வேண்டும். பஸ் மட்டும் ஓட்டக் கூடாது.

மேடத்தின் முகத்தில் ஜெயித்த களை. அண்ணன் அதைப் பார்த்தார்.

"குடிகாரன்கற பேரு போச்சு, சரிங்க மேடம். வண்டியும் போச்சேங்க. இனி நான் என்னத்தப் பண்ணோணும்?"

  

மறுநாள் காலை மேடம் முதல்வர் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சாப்பாட்டு டப்பாவும் கையோடு இருந்தது. "என்னுட லேபுக்கு ஒரு ஆளு வேணுமுங்க. ராசு அண்ணன்தான் வேணுமுங்க." முதல்வர் முதல் நாள் முடியாது என்றார். மறுநாள் யோசிப்போம் என்றார். அதற்கடுத்த நாள் கையெழுத்துப் போட்டார்.

அன்றிலிருந்து அண்ணனுக்கு வேறு கஷ்டம். மதியமானால் மேடம் அவர் டப்பாவைத் திறந்து சோதனை போடுவார். ஊறுகாய் போயிற்று, அப்பளம் போயிற்று, கருவாடு பேச்சையே எடுக்கக் கூடாது. "குடிகாரனாவே இருந்திருந்தா நிம்மதியாத் தின்னிருப்பனுங்க" என்று என்னிடம் அழாத குறையாகச் சொன்னார். ஆனால் சுற்றல் வெகுவாகக் குறைந்திருந்தது.

முழுதாகப் போய்விடவில்லை. ஒரு மதியம் லேபிலேயே வந்துவிட்டது. அண்ணன் தரையில் படுத்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மேடம் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் வைத்து அசையாமல் பிடித்துக்கொண்டார்.

"கிளாசுக்குப் போங்க மேடம்."

"இருக்கட்டுமுங்க. பேசாம படுங்க."

லேபுக்கு அடுத்த அறையில் மேடத்தின் வகுப்பை நான் எடுத்தேன். அண்ணனுக்குச் சத்தம் ஆகாது என்று சொன்னதும் பிள்ளைகள் பெஞ்சைக்கூட நகர்த்தவில்லை. முடிந்ததும் போய் எட்டிப் பார்த்தேன். அண்ணன் தூங்கிப்போயிருந்தார். மேடம் மரத்துப்போன காலை நீட்டாமல், எனக்கு மட்டும் சைகையில் வராதே என்று சொல்லிவிட்டு, அப்படியே உட்கார்ந்திருந்தார்.