தலை தீபாவளியும் பழைய கேம் கன்சோலும்

ஓடுகிற சாமான் ஏன் ஓடுகிறது என்று ஆராய்கிறவன் உருப்பட மாட்டான். இந்த ஞானம் எனக்கு என் தலை தீபாவளியன்று, பாலோ என்கிற சின்ன ஊரில், மாமனார் வீட்டு நடுக்கூடத்தில் கிடைத்தது.

அப்போது ஸ்கூடாயில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருந்தேன். (மாமா ஊரெல்லாம் "மாப்பிள்ளை இன்ஜினியர்" என்று சொல்லி வைத்திருந்தார். நானும் திருத்தவில்லை.) மனைவி சரளாவின் தம்பி குமரன் மட்டும் என்னோடு முகம் கொடுத்துப் பேசமாட்டான். அக்காவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன் என்று கோபம். அவனை எப்படியாவது வளைத்துப் போட வேண்டும் என்றுதான், படிப்பு முடித்து ஊர் திரும்பிய ஒரு மாணவனிடம் அந்தப் பழைய கேம் கன்சோலை வாங்கினேன்.

அது மனசு வைத்தால் எரியும். இல்லாவிட்டால் ஒரு 'பீப்' போட்டுவிட்டு அணைந்துவிடும். வயரை மாற்றினேன், மூடியைக் கழற்றித் தூசி ஊதினேன், உள்ளே இருந்த காற்றாடியைத் துடைத்தேன். நேற்று ஓடியது இன்று ஏன் ஓடவில்லை என்பது மட்டும் பிடிபடவில்லை.

"இந்த ஓட்டை ரோசாக் சாமானைத் தூக்கிட்டு வராதீங்க, மானம் போயிடும்" என்றாள் சரளா. நான் கேட்டால்தானே!

தீபாவளிக் காலையில் எண்ணெய்க் குளியல், பசியாறல் எல்லாம் முடிந்து, கூடத்தில் டிவிக்குக் கீழே பலகைத் தரையிலேயே அதை வைத்துப் பட்டனை அழுத்தினேன். பீப். மறுபடியும் பீப். கதவில் சாய்ந்திருந்த குமரன், "என்னா அத்தான், இன்ஜினியர்னு சொன்னாங்க?" என்றான்.

அந்த நேரம் அத்தை முறுக்குத் தட்டோடு வந்து, என் பக்கத்து நாற்காலியில் அமர்ந்தார். நான் பட்டனை அழுத்தினேன். எரிந்தது!

கால்பந்து ஆட்டம் சூடு பிடித்தது. "அத்தான், பாஸ் பண்ணுங்க லா!" என்று குமரன் என் தோளில் அடித்தான். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அதோடு விட்டிருக்கலாம்.

அத்தை அடுப்பைப் பார்க்க எழுந்தார். கன்சோல் அணைந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தார். அழுத்தினேன், எரிந்தது.

"எல்லாம் என் ராசி" என்றார் அத்தை.

ராசியாவது! பலகை வீடு. அத்தை அமர்ந்தால் தரை லேசாக அமுங்கும், கன்சோல் ஒரு பக்கம் சாயும், உள்ளே லூசாகிக் கிடக்கும் ஏதோ ஒன்று போய்த் தொட்டுக்கொள்ளும். இப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் நிரூபிக்க வேண்டாமா?

"அத்தை, கொஞ்சம் எழுந்திரிங்க." அணைந்தது.

"உட்காருங்க." அழுத்தினேன், எரிந்தது.

"இப்ப மெதுவா உட்காருங்க பார்ப்போம்."

அத்தைக்கும் ஆர்வம் தொற்றிக்கொண்டது. பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "இந்தப் பக்கமா சாய்ஞ்சா என்னா ஆவுது, பாருங்க மாப்பிள்ளை" என்றார். குமரன், "அம்மா, கோல் போற நேரத்துல எழுந்திரிக்காதீங்க!" என்று கத்தினான். நாங்கள் இருவரும் அதைக் காதில் வாங்கவில்லை. எழுந்தார், உட்கார்ந்தார், எழுந்தார், உட்கார்ந்தார்.

வாசலில் செருமல் கேட்டது. மாமாவும், தீபாவளி விருந்துக்கு அவர் அழைத்து வந்த கோவில் கமிட்டிக்காரர்களும் வரிசையாக நின்றிருந்தார்கள்.

"என்னா மாப்பிள்ளை, தலை தீபாவளிக்கு வந்து என் பொண்டாட்டியைத் தோப்புக்கரணம் போட வைக்கிறீங்க?"

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். விளக்கம் சொன்னால் தப்பித்துவிடலாம் என்று நினைத்தேன்.

"இல்ல மாமா, இது அத்தையோட கனத்துலதான் ஓடுது."

சரளா முகத்தை மூடிக்கொண்டாள். கமிட்டித் தலைவர் கூரையைப் பார்த்தார். குமரன் தரையில் உருண்டு உருண்டு சிரித்தான். முதலில் விறைத்து நின்ற அத்தையும் அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து குமரன் என்னோடு பேசாத நாளில்லை. பேச்சு மட்டும் பெரும்பாலும் இதைப் பற்றித்தான்.

பிறகு அந்தக் கன்சோலுக்குள் லூசாகிக் கிடந்த இணைப்பை ஈயத்தால் பற்ற வைத்து ஒழுங்காக ஓடச் செய்தேன். யாரும் சீந்தவில்லை.

போன மாதம் மாமாவின் கார் குளுவாங் போகும் வழியில் நின்றுவிட்டது. குமரன் போன் செய்தான்.

"அத்தான், கார் ஸ்டார்ட் ஆகல. அம்மா உள்ளதான் உக்காந்திருக்காங்க. எழுந்து உக்காரச் சொல்லட்டா?"

பின்னாலிருந்து அத்தையின் குரல் வந்தது: "முன் சீட்டா பின் சீட்டான்னு மாப்பிள்ளையைக் கேளுடா!"